எரிவது நாக்கில், வேலை வயிற்றில்: இஞ்சி உடம்புக்குள் என்ன செய்கிறது?

பச்சை இஞ்சியை மெல்லிய வில்லையாக நறுக்கி நாக்கின் மேல் வைத்துப் பாருங்கள். முதலில் வருவது மணம்தான், எலுமிச்சையை ஞாபகப்படுத்தும் மணம். காரம் உடனே வராது. ஒரு கடி கடித்ததும் சில நொடிகள் கழித்து மெதுவாக ஏறும். நாக்கில் தொடங்கித் தொண்டைக்கு இறங்கி, காதோரம் வரை பரவும். வாயே சூடாகிவிட்ட மாதிரி இருக்கும். ஆனால் அங்கே உண்மையில் எதுவும் சுடவில்லை.

ஏமாந்தது நரம்பு. நம் நரம்பு முனைகளில் டிஆர்பிவி1 என்று ஒரு புரதம் இருக்கிறது. சுமார் 43 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு பட்டால் திறந்துகொள்ளும் சின்னக் கதவு அது. திறந்ததும் கால்சியம் அயனிகள் உள்ளே பாயும், ‘சுடுகிறது’ என்று மூளைக்குச் செய்தி போகும். மிளகாயின் காரத்தை உடம்பு எப்படி அறிகிறது என்று தேடிய டேவிட் ஜூலியஸின் ஆய்வுக் குழு 1997-இல் இந்தப் புரதத்தை அடையாளம் கண்டது. வெப்பத்தையும் தொடுதலையும் நாம் உணரும் விதத்தை விளக்கியதற்காக அவரும் ஆர்டெம் பட்டபூட்டியனும் 2021-இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

மிளகாயிலுள்ள கேப்சைசினும் இஞ்சியிலுள்ள ஜிஞ்சராலும் வேதியியல் அமைப்பில் சொந்தக்காரர்கள். ஒரு முனையில் இரண்டுக்கும் ஒரே மாதிரி வளையம், மறுமுனையில் நீளமான வால். அதனால்தான் ஒரே கதவை இரண்டுமே திறக்கின்றன. கேப்சைசின் அதை ஓங்கி உதைக்கிறது, ஜிஞ்சரால் மெல்லத் தள்ளுகிறது.

இஞ்சியை வேர் என்று சொல்வது பழக்கம். ‘ஜிஞ்ஜிபெர்’ என்ற அதன் அறிவியல் பெயருக்குள்ளும் நம் ‘இஞ்சி வேர்’தான் ஒளிந்திருக்கிறது, சமஸ்கிருதமும் கிரேக்கமும் சுற்றிக்கொண்டு போன சொல் அது. ஆனால் நாம் சாப்பிடும் பகுதி வேர் இல்லை, மண்ணுக்குள் படுத்து வளரும் தண்டு. கணுவும் மொட்டும் அதில் கண்ணுக்கே தெரியும். காரமும் மணமும் நுண்ணிய எண்ணெய் அறைகளில் இருக்கின்றன. தோலுக்கு அடியிலும் அந்த அறைகள் நிறைய உண்டு. ஆகவே கத்தியால் தடிமனாகச் சீவாமல், கரண்டி விளிம்பால் லேசாகச் சுரண்டினால் போதும்.

சரி, சுக்குக்கு வருவோம். சுக்கு என்றால் காய்ந்த இஞ்சி என்று சொல்வது பாதிதான் உண்மை. பச்சை இஞ்சியில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். காயும்போது அந்தத் தண்ணீர் மட்டுமா போகிறது? ஜிஞ்சரால் மூலக்கூறே தன் உடம்பிலிருந்து ஒரு தண்ணீர் மூலக்கூறை இழந்து, ஷோகால் என்ற வேறு பொருளாக மாறுகிறது. ஷோகா என்றால் ஜப்பானிய மொழியில் இஞ்சி, பெயர் அங்கிருந்து வந்தது. காரத்தில் ஷோகால் ஜிஞ்சராலைவிட இரண்டு மடங்குக்கு மேல். சுக்குப் பொடி தொண்டையைப் பிடிப்பதும், இஞ்சித் துவையல் அந்த அளவுக்குப் பிடிக்காததும் இதனால்தான். இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்த நம் மொழி, வேதியியல்படி பார்த்தாலும் சரியாகத்தான் செய்திருக்கிறது.

சமைத்தால் இன்னொரு மாற்றம். நீண்ட நேரம் கொதிக்கும்போது ஜிஞ்சராலில் ஒரு பகுதி உடைந்து ஜிஞ்சரோன் ஆகிறது. காரம் தணிந்து, லேசான இனிப்பு மணம் வரும். அதாவது பச்சை, காய்ந்தது, வெந்தது என மூன்றும் மூன்று கலவைகள். இஞ்சி நல்லது என்று யாராவது சொன்னால், எந்த இஞ்சி என்று திருப்பிக் கேட்பது நியாயமான கேள்வி.

பச்சை இஞ்சியில் மட்டும் வேலை செய்யும் ஒன்றையும் சொல்ல வேண்டும். ஆவி பறக்கும் பாலில் பச்சை இஞ்சிச் சாற்றை ஊற்றிக் கொஞ்ச நேரம் விட்டால் பால் திரிந்துவிடும். பால் கெட்டுப்போனது என்று நினைத்துக் கொட்டியவர்கள் உண்டு. அது இஞ்சியில் இருக்கும் புரதம் வெட்டும் நொதியின் வேலை. முதலில் இஞ்சியைத் தண்ணீரில் நன்றாகக் கொதிக்கவிட்டு, அப்புறம் பாலைச் சேர்த்தால் திரியாது. கொதியில் அந்த நொதி செயலிழந்துவிடும்.

இனி வயிறு. இஞ்சிக்கு நல்ல ஆதாரம் இருப்பது இங்கேதான், அதிலும் குறிப்பாகக் குமட்டலுக்கு. குடல் சுவரில் உள்ள சில செல்கள் எரிச்சல் ஏற்படும்போது செரோடோனின் என்ற வேதிப்பொருளை வெளியிடுகின்றன. அது பக்கத்தில் ஓடும், குடலை மூளையோடு இணைக்கும் வேகஸ் நரம்பின் முனையைத் தட்ட, செய்தி மூளைத் தண்டுக்குப் போய் வாந்தி உணர்வு கிளம்புகிறது. வாந்திக்குத் தரும் ஒண்டான்செட்ரான் மாத்திரை, செரோடோனின் போய் உட்காரும் ஏற்பியை அடைத்துவிடும். ஜிஞ்சராலும் ஷோகாலும் அதே ஏற்பியை வேறொரு இடத்தில் பிடித்து, அதன் வேகத்தைக் குறைக்கின்றன. மாத்திரை அளவுக்குப் பலமாக இல்லை, ஆனால் தட்டுவது அதே கதவைத்தான்.

இஞ்சி இரைப்பையையும் சீக்கிரம் காலியாக்குகிறது. 2008-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆரோக்கியமானவர்களுக்கு 1.2 கிராம் இஞ்சிப் பொடி கொடுத்து, பிறகு சூப் குடிக்கச் சொன்னார்கள். ஒப்பிடுவதற்காகக் கொடுத்த, மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்தபோது இரைப்பை பாதி காலியாகச் சுமார் 27 நிமிடம், இஞ்சி எடுத்தபோது சுமார் 13. சாப்பிட்டது வயிற்றிலேயே கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறது என்று சொல்வோமே, அந்த மந்தத்துக்கு இஞ்சி ஏன் இதம் தருகிறது என்பது இதில் கொஞ்சம் புரியும்.

பயணக் குமட்டலுக்கு 1982-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வந்த சோதனை பிரபலம். கண்ணைக் கட்டிச் சுழலும் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். இஞ்சிப் பொடி எடுத்தவர்களில் பாதிப்பேர் ஆறு நிமிடம் தாக்குப்பிடித்தார்கள், இஞ்சி எடுக்காத மற்றவர்களில் ஒருவர்கூட இல்லை. பின்னால் நடந்த எல்லாச் சோதனைகளும் அவ்வளவு சாதகமாக வரவில்லை. எனக்கு வளைந்து வளைந்து ஏறும் பாதையில் வண்டி போனால் குமட்டும், புறப்படுவதற்கு முன்பே ஒரு துண்டு இஞ்சியை மெல்லுவேன், கேட்கிறது. ஆனால் என் ஒருவனின் அனுபவம் ஆதாரம் ஆகாது. கர்ப்பத்தின் தொடக்க மாதங்களில் வரும் குமட்டலுக்குத்தான் ஆதாரம் உறுதியாக இருக்கிறது. பல சோதனைகளில் நாளொன்றுக்குச் சுமார் 1 கிராம் பொடியைப் பிரித்துப் பிரித்துக் கொடுத்தார்கள். அரைத் தேக்கரண்டி என்று வைத்துக்கொள்ளலாம். கர்ப்பிணிகள் தங்கள் மருத்துவரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குவது நல்லது.

மாதவிடாய் வலிக்கும் இஞ்சி கொஞ்சம் கைகொடுக்கிறது. கருப்பையை இறுக வைக்கும் புராஸ்டகிளாண்டின் உற்பத்தியை அது குறைக்கிறது. முதல் மூன்று நாட்கள் எடுத்தவர்களுக்கு வலி குறைந்ததாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. மூட்டு வலியில் பலன் சிறியது.

சளிக்கு? இங்கே நான் கொஞ்சம் கறாராகப் பேச வேண்டும். இஞ்சி சளி வைரஸை விரட்டுவதில்லை. அதன் காரம் மூக்கில் நீர் வரவழைக்கும், அடைப்பு இளகும். சூடான நீர் தொண்டைக்கு இதம், உடம்புக்கு நீரும் சேரும். அந்த ஆறுதல் உண்மையானது, அதற்காகக் குடியுங்கள். ஆனால் காய்ச்சல் விடாமல் அடித்தாலோ மூச்சு வாங்கினாலோ கஷாயத்தை நம்பி வீட்டில் உட்கார்ந்திருக்காதீர்கள். கஷாயத்தில் தேன் கலந்தால் ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு அதைத் தரவே கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு பாக்டீரியாவின் வித்துகள் அந்தப் பிஞ்சுக் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கலாம்.

வெறும் வயிற்றில் காரமான சாற்றை மடமடவென்று குடித்தால் சிலருக்கு நெஞ்செரிச்சல் வரும். அப்படி வந்தால் அளவைக் குறைத்து, சாப்பாட்டோடு சேர்த்துக்கொள்ளுங்கள். நாளொன்றுக்கு 4 கிராம் பொடியைத் தாண்டத் தேவையே இல்லை. பித்தப்பையில் கல் இருப்பவர்கள் மருந்து அளவில் எடுக்கும் முன் மருத்துவரைக் கேட்க வேண்டும். இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களும் அப்படியே. சமையலில் போடும் இஞ்சியைப் பற்றி நான் சொல்லவில்லை, தினமும் கரண்டி கணக்கில் விழுங்கும் பொடியையும் மாத்திரையையும் சொல்கிறேன். அறுவைச் சிகிச்சைக்கு முன் என்னென்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று கேட்பார்கள். அப்போது சுக்குப் பொடியையும் சேர்த்துச் சொல்லுங்கள்.