டவர்: கைம்பெண்ணின் மூன்றில் ஒரு பங்கு

அமெரிக்கக் குடியேற்றக் காலத்து உயில்களிலும் நிலப் பத்திரங்களிலும் அடிக்கடி வரும் சட்டச் சொல் 'டவர்'. கோபுரத்தைக் குறிக்கும் சொல் வேறு, இது வேறு. கேட்டதும் 'டவ்ரி', அதாவது வரதட்சணை நினைவுக்கு வரும். அப்படியே தமிழில் எழுதினால் பொருள் தலைகீழாகிவிடும். வரதட்சணை பெண் வீட்டிலிருந்து போவது. டவரோ, இறந்துபோன கணவனின் நிலத்திலிருந்து மனைவிக்கு வருவது.

இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். லத்தீனில் 'டோஸ்' என்றால் மணக்கொடை. அது பிரெஞ்சு வழியாக இங்கிலாந்துக்கு வந்து சட்டமானது. மாக்னா கார்ட்டா என்ற ஆங்கிலேய உரிமைச் சாசனத்தின் 1217-ஆம் ஆண்டுப் பதிப்பு, கைம்பெண்ணுக்கு மூன்றில் ஒரு பங்கு என்று சொன்னது. குடியேறியவர்கள் அதைக் கடல் தாண்டிக் கொண்டுபோனார்கள். ஆவணங்களில் சும்மா 'மூன்றிலொன்று' என்றே எழுதியிருப்பதும் உண்டு.

அந்தப் பங்கை அவள் ஆயுள் முழுக்க அனுபவிக்கலாம். ஆனால் நிலத்தை முழு உரிமையோடு விற்க முடியாது, யாருக்கும் எழுதிவைக்கவும் முடியாது. அவளுக்குப் பிறகு அது கணவனின் வாரிசுகளுக்குப் போய்விடும். உயிலில் கணவன் குறைவாக எழுதியிருந்தால், அதை மறுத்துவிட்டு மூன்றிலொன்றைக் கேட்டு வாங்கலாம். சிறு பண்ணைகளில் வீட்டையே பிரித்தார்கள்: ஒரு அறை, நிலவறையில் பாதி, கிணற்றுக்குப் போக வழி, ரொட்டி சுட அடுப்பு. மகன் குடும்பத்தோடு ஒரே கூரையின் கீழ் அந்தத் தாய் எப்படி வாழ்ந்திருப்பாள் என்பதை அந்த வரிகளே காட்டிவிடும்.

வம்சாவளி தேடுபவர்களுக்கு இது பெரிய புதையல். கணவன் நிலத்தை விற்றாலும் மனைவியின் டவர் உரிமை தானாகப் போகாது. அதனால் வாங்குபவர் அவளுடைய சம்மதத்தையும் கேட்டார். வர்ஜீனியா, மேரிலாந்து போன்ற இடங்களில் அவளைத் தனியாக அழைத்து, கட்டாயமில்லாமல் சம்மதிக்கிறாளா என்று விசாரித்துப் பதிவு செய்தார்கள். வேறெங்குமே பெயர் கிடைக்காத எத்தனையோ பெண்களின் பெயர் அங்கேதான் கிடைக்கிறது.

இந்தச் சொல்லுக்கு இருண்ட பக்கமும் உண்டு. வர்ஜீனியாவில் அடிமைகளும் டவர் பங்கில் சேர்ந்தார்கள். 1757-ல் டேனியல் பார்க் கஸ்டிஸ் உயில் எழுதாமல் இறந்ததால் அவர் மனைவி மார்த்தாவுக்கு அப்படி ஒரு பங்கு வந்தது. பிறகு அவர் ஜார்ஜ் வாஷிங்டனை மணந்தார். 1799-ல் வாஷிங்டனின் மவுன்ட் வெர்னன் பண்ணை அடிமைகளில் 153 பேர் கஸ்டிஸ் சொத்திலிருந்து டவர் பங்காக வந்தவர்கள். தன் சொந்த அடிமைகளை விடுவிக்க வாஷிங்டன் உயில் எழுதினார், ஆனால் இந்த 153 பேரை விடுவிக்க அவருக்குச் சட்ட உரிமை இல்லை. இரு தரப்பும் ஒருவரை ஒருவர் மணந்திருந்ததால், கணவனுக்கு விடுதலை, மனைவிக்கு இல்லை என்று குடும்பங்கள் சிதறின. 1802-ல் மார்த்தா இறந்ததும் கஸ்டிஸ் பேரப்பிள்ளைகள் அவர்களைப் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? 'ஜீவனாம்சம்' பராமரிப்புக்கான பணம், பொருந்தாது. முஸ்லிம் திருமணத்தில் கணவன் மனைவிக்குத் தரும் மணக்கொடையான 'மஹர்' என்பதை இந்திய நீதிமன்றங்களில் ஆங்கிலத்தில் டவர் என்றே எழுதுகிறார்கள். ஆனால் மஹர் மனைவிக்கே முழுச் சொந்தம், ஆயுளோடு முடிவதில்லை. 'கைம்பெண் ஆயுள் பங்கு' என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. யாருக்கு, எதுவரை என்ற இரண்டும் அதில் வந்துவிடுகின்றன. மனைவி சம்மதித்து எழுதிக்கொடுத்ததை, நம் பத்திரப் பதிவு வழக்கப்படி, 'ஆயுள் பங்கு விடுதலைப் பத்திரம்' என்று சொல்லலாம்.