65 சதவீத வெற்றியில் ஒளிந்திருந்த நட்டம்

போன மாதம் வெள்ளவத்தையிலிருந்து ஒரு தம்பி லப்டொப்போடு என்னைத் தேடி வந்தார். பகலில் கணக்கு வேலை, இரவில் எக்செல். கொழும்புப் பங்குகளின் 2019 முதல் 2023 வரையான விலைகளை வைத்துத் தானே ஒரு வர்த்தக முறை செய்து, அதைப் பழைய விலைகளில் ஓட்டிப் பார்க்கும் பேக்டெஸ்டும் செய்திருந்தார். 40 வர்த்தகம், 26 இலாபம், 14 நட்டம்.

“65 சதவீதம் சரியாப் போயிருக்கு அண்ணா. இனிக் காசைப் போடலாம்தானே?”

இலாபம் வந்த வர்த்தகங்களில் சராசரி 5 சதவீதம், நட்டப்பட்டவற்றில் 4.5. மொத்த இலாபத்தை மொத்த நட்டத்தால் வகுத்தால் 2க்குச் சற்று மேல். பார்க்க அழகான கணக்குத்தான். ஆனால் நட்டத்தைக் கழித்து மிஞ்சுவதை 40 வர்த்தகத்துக்கும் பகிர்ந்தால் ஒன்றுக்குக் கிடைப்பது 1.7 சதவீதம் கூட இல்லை. கொழும்புச் சந்தையில் சாதாரண முதலீட்டாளருக்குத் தரகுக் கூலி, பங்குப் பரிவர்த்தனை வரி எல்லாம் சேர்த்து வாங்கும்போது 1.12 சதவீதம், விற்கும்போது 1.12. மொத்தம் 2.24. தம்பி இதைக் கழிக்கவே இல்லை. கழித்தால் ஒவ்வொரு வர்த்தகத்திலும் சராசரியாக அரைச் சதவீதத்துக்கு மேல் கைநட்டம். நியூயோர்க் சந்தைக்காக எழுதிய முறைகளை இங்கே கொண்டுவருகிறவர்கள் வழுக்கி விழும் இடமும் இதுதான்.

அந்த 65ஐயும் அப்படியே நம்ப முடியாது. வெறும் 40 வர்த்தகம் என்றால் உண்மையான வெற்றி விகிதம் 50க்கும் 80க்கும் நடுவே எங்கேயும் இருக்கலாம்.

அப்புறம் வர்த்தகப் பட்டியலை இலாப வரிசையில் அடுக்கச் சொன்னேன். சுருக்க அட்டவணையை விட இந்தப் பட்டியலைத்தான் நான் எப்போதும் முதலில் கேட்பேன். மேலே நின்ற இரண்டும் 2021 ஜனவரியில் வாங்கியவை. அந்த வருடம் கொழும்புச் சந்தை முழுவதையும் அளக்கும் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் சுமார் 80 சதவீதம் ஏறியது. கண்ணை மூடிக்கொண்டு வாங்கியவரும் அந்த வருடம் கெட்டிக்காரர்தான்!

கீழே வந்தால் 2022 ஏப்ரல். 5 சதவீதம் விழுந்தால் விற்றுவிடு என்பது தம்பியின் விதி. பேக்டெஸ்டும் சமர்த்தாக 5 சதவீத நட்டத்தோடு விற்று வெளியே வந்திருந்தது. நடந்தது என்ன? ஏப்ரல் 18 தொடக்கம் ஒரு கிழமை சந்தையே மூடிக் கிடந்தது. 25ஆம் திகதி திறந்ததும் மளமளவென்று சரிந்து, அன்றைய வர்த்தகத்தையே நிறுத்தினார்கள். விற்க நினைத்தவர்கள் திரையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். எக்செலுக்கு மட்டும் எங்கிருந்தோ வாங்க ஆள் கிடைத்திருக்கிறார்.

இன்னொரு வரியில் 20,000 பங்கு வாங்கியதாக இருந்தது. அந்தப் பங்கு அன்றைக்குக் கைமாறியதே சில நூறுதான். அதுவும் அன்றைய முடிவு விலையைப் பார்த்துச் சமிக்ஞை எடுத்து, அதே முடிவு விலையில் வாங்கியிருக்கிறது. பிற்பகல் 2.30க்குச் சந்தை மூடிய பிறகு யாரிடம் வாங்குவது?

“சரி, இந்த விதிக்கு வர முதல் எத்தனை விதமாக மாற்றிப் பார்த்தீர்கள்?” என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்தார். “ஒரு இருநூறு இருக்கும் அண்ணா.”

இருநூறு பேர் நாணயம் சுண்டினால் யாரோ ஒருவருக்குத் தொடர்ந்து ஏழு தடவை தலை விழுவதில் அதிசயம் இல்லை. அந்த ஒருவரை மட்டும் கூட்டி வந்து காட்டினால் யாருக்கும் ஆசை வரும். மிச்ச 199இன் முடிவுகளையும் அவர் வைத்திருந்தால் ஒழுங்காகப் பேசியிருக்கலாம். அழித்துவிட்டாராம்.

2023க்குப் பிந்திய விலைகளை அவர் இன்னும் தொடவில்லை. அதுதான் கையில் மிஞ்சிய ஒரே நல்ல சோதனை. விதியை ஒரு தாளில் எழுதி, திகதி போட்டு, 2.24ஐயும் கழித்து, ஒரே ஒரு தடவை ஓட்டச் சொல்லியிருக்கிறேன். எந்த விதியை எழுதுவது என்று முடிவெடுக்க ஒரு கிழமை தவணை கேட்டுப் போயிருக்கிறார்.