லூனோமீட்டர்: நிலாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை

லூனோமீட்டர், துணியில் இழைகள் எவ்வளவு நெருக்கம் என்று அளக்கும் கருவி. நாகர்கோவில் வடசேரியில் கைத்தறி நேரியது, அதாவது தோளில் போடும் மேல்துண்டு, எடுக்கப் போனால் "எண்பதா, நூறா?" என்பார்கள். அது நூலின் நம்பர்: 840 கெஜ நூல் கொண்ட சிட்டங்கள் எத்தனை சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை என்ற கணக்கு. எண் ஏற ஏற நூல் மெலியும். பலரும் இதையே துணியின் நெருக்கம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நூறாம் நம்பரிலும் சல்லடையாக நெய்யலாம். நெருக்கம் தெரிய, அங்குலத்துக்கு நெடுக்கே ஓடும் பாவு எத்தனை, குறுக்கே ஓடும் ஊடை எத்தனை என்று எண்ண வேண்டும்.

அதற்கு மடக்குக் கண்ணாடி உண்டு: கீழே ஓர் அளவுச் சதுரம், மேலே லென்சு, கையில் ஊசி. நாற்பதைத் தாண்டும்போது ஊசி ஓர் இழையை விழுங்கிவிடும், மறுபடி ஒன்றிலிருந்து. நான் இப்படித் திண்டாடுவதைப் பார்த்த நெசவாளி, "எதுக்கு அண்ணாச்சி கஷ்டப்படுதீரு? இப்படிப் பாரும்" என்று நேரியதை இரண்டாக மடித்து வாசல் வெளிச்சத்தில் பிடித்தார். துணிக்குள் தண்ணீர் ஓடுவதுபோல வரிவரியாக அலை. ஓரிடத்தில் அலை ஒடிந்திருந்தது. "இங்க ஊடை சரியா அடிபடல."

லூனோமீட்டரின் சூத்திரமும் அந்த அலைதான். மேல்மடிப்புக்குப் பதில் கோடுகள் அச்சிட்ட ஒரு தகடு. கோடுகளின் இடைவெளி ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மாறும். நூலின் போக்கிலேயே கோடுகள் ஓடும்படி தகட்டை வைத்தால், கோட்டு நெருக்கமும் இழை நெருக்கமும் ஒத்துப்போகும் இடத்தை அலைகள் காட்டிக்கொடுக்கும். அங்கே உள்ள எண்தான் விடை.

பெயரில் லூனா, அதாவது நிலா இருப்பதாக நானும் நம்பியிருந்தேன். இல்லை, அது ஆளின் பெயர். ஹான்ஸ் பீட்டர் லூன், 1896இல் ஜெர்மனியின் பார்மனில் பிறந்தவர். துணித்தொழிலில் இருந்துவிட்டு 1941இல் ஐபிஎம்மில் சேர்ந்தார். கடன் அட்டை எண்ணைத் தப்பாகத் தட்டினால் கண்டுபிடிக்கும் வாய்பாடும் இவருடையதே.

அலைக்கோலத்தின் பெயரான மொவாரே, நீர்வரி ஓடும் பட்டுக்குப் பிரெஞ்சுக்காரர் இட்ட பெயர். வேர், முகய்யர் என்ற அரபுச் சொல்: தேர்ந்தெடுத்தது என்று பொருள், ஆட்டுமயிர்த் துணியைக் குறித்தது. ஆக, இயற்பியல்தான் துணியிடம் கடன் வாங்கியிருக்கிறது. தமிழில் நீர்வரி என்றே சொல்லலாம்.

கருவிக்கு? 'ஒளியியல் இழையடர்த்தி அளவி' பிழையில்லை. தறிக்குழியில் உட்கார்ந்து யார் சொல்வார்கள்? இழையெண்ணி என்ற பெயர் மடக்குக் கண்ணாடிக்குப் பொருந்தும், அதில் நாம் எண்ணுகிறோம். லூனோமீட்டரில் எண்ணுவதே இல்லை. வெப்பமானிபோல வைத்துப் படிக்கிறோம். ஆகவே இழைமானி.