சவர்க்காரத்துக்குப் போகாத மீன் வெடுக்கு

சூரை வெட்டிய பலகையைச் சவர்க்காரம் போட்டு எவ்வளவு தேய்த்தாலும் வெடுக்குப் போவதில்லை, தேசிக்காய் தேய்த்தால் போய்விடுகிறது, ஏன் என்று கல்முனையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

கடல்மீனின் தசையில் திரைமெதைலமீன் ஒட்சைட்டு என்றொரு பொருள் இருக்கிறது. உப்பும் நீரழுத்தமும் மீனின் புரதங்களைக் குலைத்துவிடாமல் காப்பது அதன் வேலை. அதற்கு மணமே கிடையாது. மீன் செத்ததும் பற்றீரியாக்கள் அதிலிருக்கும் ஒட்சிசனைப் பறித்துவிட, மிஞ்சுவது திரைமெதைலமீன். வெடுக்கு என்பது முக்கியமாக இதுதான். குளத்து விராலில் அந்த மூலப்பொருள் மிகக் குறைவு; அதனால்தான் அது சூரை போல நாறுவதில்லை.

திரைமெதைலமீன் ஏறக்குறைய 3 பாகை செல்சியசிலேயே கொதித்து ஆவியாகும். நம் வெயிலுக்குக் கேட்கவா வேண்டும்! சுடுதண்ணீர் ஊற்றினால் குசினி முழுக்க நாறுவதும் இதனால்தான். ஆனால் அதன் நைதரசன் அணுவில் பிணைப்பில் சேராத ஒரு சோடி இலத்திரன் இருக்கிறது. தேசிப்புளியின் சித்திரிக்கமிலம் விடுகிற ஐதரசன் அயன் (நேரேற்றம் கொண்ட ஐதரசன்) நேரே போய் அந்தச் சோடியில் ஒட்டிக்கொள்ளும். உடனே மூலக்கூறு நேரேற்றம் பெறுகிறது. ஏற்றம் பெற்றதை நீர் மூலக்கூறுகள் சுற்றி வளைத்துப் பிடித்துக்கொள்ளும். அதனால் காற்றில் எழும்ப முடியாது. மூக்குக்கு எட்டாத பொருளுக்கு ஏது மணம்?

கவனியுங்கள், அது அழியவில்லை. பலகையிலேயேதான் இருக்கிறது. அலசாமல் அதன்மேல் சவர்க்காரத்தைத் தேய்த்தால், கட்டிச் சவர்க்காரத்தின் காரம் அந்த ஐதரசன் அயனைத் திரும்பப் பிடுங்கிவிடும். பி.எச். என்பது அமிலத்தையும் காரத்தையும் அளக்கும் எண்; 7 நடுநிலை, அதற்கு மேல் காரம். பி.எச். 9.8 அளவில் பாதி மூலக்கூறுகள் விடுபட்டு மறுபடியும் பறக்கத் தயாராகின்றன. சவர்க்கார நுரையின் பி.எச். 9 முதல் 10 வரை. சவர்க்காரத்தால் மட்டும் தேய்த்தால் வெடுக்குப் போகாததும் இதனால்தான். போன வெடுக்கு திரும்பி வருகிற இந்த இடம் எனக்கு மிகவும் பிடித்தது. அமிலமும் காரமும் பற்றி ஒரு பாடம் முழுக்கப் படிப்பதை மூக்கே சொல்லித் தருகிறது. நம் பாடசாலை ஆய்வுகூடங்களுக்கு விலை கூடிய கருவிகளுக்கு முன் அமிலமா காரமா என்று நிறம் மாறிக் காட்டும் பாசிச்சாயத் தாளாவது தட்டுப்பாடில்லாமல் கிடைக்க வேண்டும். இந்த வெடுக்குச் சோதனையைப் பிள்ளைகள் தாங்களே செய்து பார்க்கலாம்.

சரி, செய்ய வேண்டியது: முதலில் பச்சைத்தண்ணீரில் கழுவி, தேசிக்காய்ப் பாதியால் தேய்த்து, இரண்டு நிமிடம் விட்டு, நிறையத் தண்ணீரில் அலசுங்கள். அப்புறம் சவர்க்காரம். தேசிக்காய் இல்லாவிட்டால் வினாகிரியும் பழப்புளியும் இதே வேலையைச் செய்யும். வினாகிரியோடு அப்பச்சோடாவைக் கலந்து ஊற்றச் சொல்கிறார்களே, அதை நம்பாதீர்கள். நுரை வரும், அவ்வளவுதான். ஒன்றை ஒன்று தீர்த்துவிடும்.

சீமெந்துத் தரையில் புளி படவிடாதீர்கள், அரித்துவிடும். குளோரீன் கலந்த வெளிற்றும் திரவம் ஊற்றிய தொட்டியில் தேசிக்காயோ வினாகிரியோ சேரவே கூடாது. நச்சான குளோரீன் வாயு கிளம்பும். தவறிக் கலந்துவிட்டால் உடனே வெளியே வந்துவிடுங்கள்.