கணையம்: சொல்லும் பொருளும்

கிரேக்கத்தில் ‘பான்’ என்றால் எல்லாம். ‘கிரியாஸ்’ என்றால் சதை. எலும்போ குருத்தெலும்போ இல்லாமல் முழுக்கச் சதையாகத் தெரிந்த உறுப்புக்கு அதனால் ‘பான்கிரியாஸ்’ என்று பெயர் வந்தது. இலங்கைப் பாடநூல்களில் வழங்கும் ‘சதையி’ அந்தப் பொருளையே தமிழில் தருகிறது. ஆனால் இந்த உறுப்பு தசை அல்ல, சுரப்பி.

தமிழ்நாட்டில் வழங்குவது ‘கணையம்’. பழந்தமிழில் கணையம், கணையமரம் என்பது கோட்டைக் கதவுக்குக் குறுக்கே போடும் கனத்த மரம். சங்கப் பாடல்களில் வரும் ‘எழு’ என்ற சொல்லுக்கு உரைகாரர்கள் சொல்லும் பொருளும் இதுதான். உறுப்பும் அப்படித்தான் இரைப்பைக்குப் பின்னே, முதுகெலும்புக்கு முன்னே, குறுக்கே கிடக்கிறது. நீளம் ஏறத்தாழ 15 செ.மீ. தலைப்பகுதி முன்சிறுகுடலின் வளைவில் பொதிந்திருக்கும். வால் இடப்புறம் மண்ணீரல்வரை நீளும். கிடக்கும் விதத்தைச் சொல்வதால் ‘கணையம்’ என்பதே பொருத்தமான பெயர் என்பேன்.

‘கணைய நீர்’ என்ற சொல்லில்தான் குழப்பம். சிலர் இன்சுலினையே அப்படி எழுதுகிறார்கள். அது பிழை. கணைய நீர் என்பது நாளம் என்ற குழாயின் வழியாக முன்சிறுகுடலுக்குப் போகும் செரிமானச் சாறு. நாளொன்றுக்கு 1 முதல் 1.5 லிட்டர் வரை சுரக்கும். மாவுப்பொருளுக்கு அமைலேஸ், கொழுப்புக்கு லைப்பேஸ், புரதத்துக்கு டிரிப்சின் என நொதிகள் அதில் உண்டு. இந்த மூன்றில் டிரிப்சின் மட்டும் ‘டிரிப்சினோஜென்’ என்ற செயலற்ற வடிவில் வெளியேறி, குடலுக்குள் வந்த பிறகே விழித்துக்கொள்ளும். பித்தக்கல் நாளத்தின் வாயை அடைத்தாலோ, மது மிகுந்தாலோ, அது கணையத்துக்குள்ளேயே விழித்து உறுப்பையே செரிக்கத் தொடங்கிவிடும். இதுவே கணைய அழற்சி. மேல்வயிற்றில் தொடங்கும் கடும் வலி முதுகுவரை பாயும். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய நிலை அது.

இன்சுலினின் வழி வேறு. 1869இல் பால் லாங்கர்ஹான்ஸ் என்ற ஜெர்மானிய மருத்துவ மாணவர் கணையத்துக்குள் சிதறிக் கிடந்த செல் கூட்டங்களைக் கண்டார். இன்சுலின் சுரப்பது இவற்றில்தான். அவற்றை நம் பாடநூல்கள் ‘லாங்கர்ஹான்ஸ் திட்டுகள்’ என்கின்றன. ஆற்று நடுவே எழும் மேட்டைத் திட்டு என்போமே, அதே சொல், அருமையான தேர்வு. தீவைக் குறிக்கும் ‘இன்சுலா’ என்ற லத்தீன் சொல்லிலிருந்தே இன்சுலின் என்ற பெயரும் பிறந்தது. திட்டுகளுக்கு நாளம் இல்லை; இன்சுலின் நேரே இரத்தத்தில் கலக்கிறது. இன்சுலினும் புரதமே. அதை வாய்வழி கொடுத்தால் கணைய நீரில் உள்ள நொதிகளே சிதைத்துவிடும், அதனால்தான் ஊசி. இந்த இரண்டையும் ஒரே பெயரில் எழுதவே கூடாது.