வாசனை போனால் வாயு போய்விட்டதா?

திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து வாசகர் ஒருவர் கேட்கிறார்: "நெல் கிடங்கில் மூட்டம் போட்டு ஏழு நாள் ஆச்சு. தார்ப்பாயை எடுத்து, கதவைத் திறந்து வைத்தோம். அரை மணி நேரத்தில் பூண்டு வாசனை போயிடுச்சு. லோடுமேன்களை உள்ளே விடலாமா?"

கூடாது.

மூட்டம் என்பது பூச்சியைக் கொல்ல நச்சு வாயு நிரப்புவது. அதற்கு வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை காற்றிலுள்ள ஈரத்தோடு சேர்ந்து பாஸ்பீன் வாயுவை விடும். 3 கிராம் மாத்திரைக்கு 1 கிராம் வாயு. டன்னுக்கு 3 மாத்திரை என்றால் 100 டன் அட்டிக்கு, அதாவது மூட்டை அடுக்குக்கு, 300 கிராம் வாயு. செல்லுக்குள் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் நொதியை முடக்கித்தான் இது வண்டைக் கொல்கிறது. நம் உடம்பிலும் அதே நொதிதான். மாற்று மருந்து கிடையாது.

இனி அந்த வாசனைக்கு வருவோம். சுத்தமான பாஸ்பீனுக்கு வாசனையே இல்லை. பூண்டு போலவோ அழுகிய மீன் போலவோ மூக்கில் ஏறுவது, அதோடு சேர்ந்து பிறக்கும் டைபாஸ்பீன் போன்ற கலப்புகள். தானியம் பாஸ்பீனைவிட இந்தக் கலப்புகளை முந்திக்கொண்டு உறிஞ்சிவிடக்கூடும். அப்படி நடந்தால், ஏழு நாள் அட்டிக்குள் கிடந்து வெளியே வருவது வாசனை கழன்ற வாயு; நஞ்சு மட்டும் அப்படியே இருக்கும். மூக்கும் ஆளுக்கு ஆள் மாறும். 0.02 பிபிஎம்மிலேயே உணர்ந்தவர்களும் உண்டு, 3 பிபிஎம் வரை உணராதவர்களும் உண்டு. தொழிற்சாலைச் சட்ட அட்டவணையின் எட்டு மணி நேர வரம்போ 0.3 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 0.3 பங்கு. கணக்குப் போட்டால், 30 மீட்டர் நீளம், 16 மீட்டர் அகலம், 5 மீட்டர் உயரமுள்ள கிடங்கு முழுவதையும் அந்த வரம்புக்குக் கொண்டுவர ஒரே ஒரு மாத்திரை போதும்.

இந்த வரம்பைத் தொட்டால் நிம்மதி என்று இருந்துவிட வேண்டாம். அமெரிக்கத் தொழில்சுகாதார வல்லுநர் அமைப்பு தன் பரிந்துரையை 0.05 பிபிஎம்முக்கு இறக்கிவிட்டது. நல்ல நிர்வாகம் அந்த எண்ணைத்தான் பிடித்துக்கொள்ளும்.

நெல்லுக்கு இன்னொரு குணம். அரிசியைவிட அது பாஸ்பீனை அதிகம் வாங்கிக்கொள்ளும்; அதில் ஒரு பகுதியை மெதுவாகத் திருப்பி விடும். காலையில் காற்றோட்டம் விட்டு அளந்தால் வாயு அளக்கும் மீட்டர் பூஜ்யம் காட்டும். ஐப்பசி மழைக்குப் பயந்து சாயங்காலம் ஷட்டரை இறக்கினால், மறுநாள் காலை உள்ளே மறுபடி வாயு. அதனால் ஒரு முறை அளந்தால் போதாது. அளந்து, சில மணி நேரம் மூடிவைத்து, மறுபடி அளக்க வேண்டும். வாசலில் மட்டுமல்ல, அட்டிகளின் இடுக்கிலும் தரையோரத்திலும், ஆள் ஏறும் உச்சியிலும்.

பாஸ்பீன் மீட்டரைத் தவிர்க்க முடியாது. இரும்புக் கிடங்கோ செங்கல் கிடங்கோ, இதில் சிக்கனம் வேண்டாம். 1967இல் திருவாரூர் அரிசி ஆலை வளாகத்தில் சிறிய ஆய்வுக்கூடமாகத் தொடங்கிய நெல் ஆராய்ச்சி, இன்று தஞ்சாவூரில் தேசிய நிறுவனமாக நிற்கிறது. கொள்முதல் நிலையத்துக்கொன்று வாங்கும் விலையில் ஒரு பாஸ்பீன் மீட்டரை அங்கே உருவாக்கப் பணம் ஒதுக்கினால், அதைவிடப் பயனுள்ள செலவு டெல்டாவில் எனக்குத் தெரியவில்லை. பூட்டிய கிடங்கில் ஆள் விழுந்தால் 'காத்துக் கருப்பு' என்று சொல்லும் ஊரில் அது கொஞ்சம் அறிவையும் சேர்த்து விற்கும்.

துணி முகமூடி இந்த வாயுவைத் தடுக்காது; பெயிண்ட் அடிப்பவர்களின் கரி முகமூடியும் அப்படித்தான். முகமூடியில் பொருத்தும் வடிகுப்பி பாஸ்பீனுக்கென்றே குறிப்பிட்டதாக இருக்க வேண்டும், அதுவும் குறைந்த அளவு வாயுவுக்கு மட்டும். அளவு தெரியாத இடத்துக்குள் போக, முதுகில் காற்று உருளை கட்டிய ஆள்தான் வேண்டும். கிடங்கோடு சுவர் ஒட்டிய அறையில் காவலாளி படுக்கக் கூடாது. விரிசல் வழியாகவும் வயர் குழாய் வழியாகவும் வாயு வரும். தலைவலி, குமட்டல், நெஞ்சு இறுக்கம் வந்தால் வெயில் என்று உட்காரவைக்காமல் வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து மருத்துவமனைக்கு அனுப்புங்கள். நுரையீரலில் நீர் கோப்பது பல மணி நேரம் கழித்தும் வரலாம்.

மாத்திரைகளைத் தட்டில் ஒரே அடுக்காகப் பரப்ப வேண்டும். குவித்து வைத்து, கூரை ஒழுகி நனைந்தால் வாயு ஓரிடத்தில் திரளும், 1.8 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே தீப்பற்றக்கூடும். மிஞ்சும் சாம்பல் நிறப் பொடியிலும் வினைபுரியாத துளி இருக்கலாம். திறந்த வெளியில், சோப்புத்தூள் கலந்த வாளித் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் பொடியைக் கொட்டுங்கள். பொடியின் மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள், வாளியை மூடவும் மூடாதீர்கள்.