ஜிக் வார்ப்பவர்களே, புகையைவிடத் தூளைக் கவனியுங்கள்

குளச்சல், முட்டம் பக்கம் ராடு வைத்து மீன் பிடிக்கிறவர்களில் சிலர் ஜிக்கை, அதாவது கொக்கி சேர்த்த ஈயப் போலி இரையை, வீட்டிலேயே வார்த்துக்கொள்கிறார்கள். கடையில் வாங்கிய ஜிக், கடலரிப்பைத் தடுக்கப் போட்ட தூண்டில் வளைவின் கல்லில் சிக்கி அறுந்தால் காசு போச்சு. பழைய ஈயத்தை உருக்கி அச்சில் ஊற்றினால் செலவு குறைவு. அந்த ஆசையை நான் குறை சொல்லவில்லை. குழந்தை மருத்துவராக என் கவலை, அந்த வீட்டுப் பிள்ளைகளைப் பற்றி.

அடிக்கடி வயிற்றுவலி, மலச்சிக்கல், டானிக் கொடுத்தும் ஏறாத ரத்த அளவு, படிப்பில் கவனக்குறைவு. இவை சேர்ந்து வந்தால் வீட்டில் ஈய வேலை உண்டா என்று கேட்பேன். "ஆமா டாக்டர், இவன் அப்பா பின்பக்கம் வச்சு உருக்குவாரு. அந்நேரம் பிள்ளைய அங்கன விடமாட்டேன்" என்பார் அம்மா. உருக்கும்போது விடுவதில்லை, சரி. மறுநாள் காலையில் அதே இடத்தில்தானே பிள்ளை விளையாடுகிறது?

ஈயம் 327 டிகிரியில் உருகிவிடும். சூடு அதற்கு மேல் ஏற ஏறப் புகையும் கூடும்; விறகு அடுப்பில் அந்த அளவு நம் கைக்குள் நிற்காது. துணி மாஸ்க் புகையைத் தடுக்காது. ஆனாலும் புகைக்கு எல்லோரும் பயப்படுகிறார்கள், தூளுக்கு யாரும் பயப்படுவதில்லை. உருகிய ஈயத்தின் மேல் படியும் கசடைக் கரண்டியால் வழித்துத் தென்னை மூட்டில் தட்டுகிறார்கள். அது பெரும்பாலும் ஈய ஆக்சைடு. அங்கே கோழி கிளறும். முட்டையிலும் ஈயம் வரும். வார்த்த ஜிக்கின் பிசிறை அரத்தால் ராவும்போது விழும் தூள் திண்ணையில், கைலியில், தலைமுடியில் உட்காரும். பெயின்ட் அடிக்காத ஜிக்கைத் தொட்டுப் பாருங்கள், விரல் கறுக்கும். அந்த விரல் பிள்ளையுடையது என்றால் அடுத்து வாய்க்குத்தான் போகும்.

வயிற்றுக்குள் போகும் ஈயத்தில், பெரியவர்களைவிட 4 முதல் 5 மடங்குவரை குழந்தைகள் உடல் உறிஞ்சிக்கொள்ளும். இரும்புச்சத்தும் கால்சியமும் குறைந்த பிள்ளைக்கு இன்னும் கூடும். பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். எலும்பில் சேர்ந்தது பல ஆண்டுகள் அங்கேயே கிடக்கும்.

வார்த்துத்தான் ஆகவேண்டும் என்றால் வீட்டை விட்டுத் தள்ளி, காற்றோட்டமான வெளியில், அதற்கென்றே ஒதுக்கிய சட்டி கரண்டியோடு செய்யுங்கள். ஈர அச்சில் ஊற்றாதீர்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் ஆவியாகி ஈயத்தை முகத்தில் தெறிக்கவைக்கும். பழைய பேட்டரியை உடைத்து ஈயம் எடுப்பது வேண்டவே வேண்டாம். கர்ப்பிணிகள் பக்கத்தில் வரக்கூடாது.

பெயின்டுக்கு முன் செய்யும் வேலையில்தான் தூள் அதிகம். பிசிறைக் கத்தியால் சீவி எடுங்கள். மேடு பள்ளம் இருந்தால் வாட்டர் பேப்பரை நனைத்துத் தேயுங்கள். காய்ந்த உப்புத்தாள் கூடாது. சோப்பு நீரில் கழுவுங்கள், ஆனால் சமையலறைத் தொட்டியில் அல்ல. காய்ந்ததும் தின்னர் தொட்டுத் துடைத்துவிட்டுப் பிரைமர், வெள்ளை, பிறகு வண்ணம், கடைசியில் கிளியர் கோட். அடுப்பு எரியும் இடத்தில் தின்னரைத் திறக்காதீர்கள். பவுடர் பெயின்ட்டைச் சுட வைக்க வீட்டு ஓவனைப் பயன்படுத்துகிறவர்கள் அதில் மறுபடி கேக் செய்யக்கூடாது. பரணில் கிடக்கும் பழைய டின் பெயின்ட் வேண்டாம். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. கல்லில் உரசிப் பெயின்ட் உரிந்த ஜிக்கை மறுபடி பூசும்வரை பிள்ளை கையில் கொடுக்காதீர்கள்.

வேலை முடிந்த இடத்தை வாரியலால் பெருக்கினால் தூள் பறக்கும். ஈரத்துணியால் துடைத்து, அதையும் கசடையும் மூடியுள்ள டப்பாவில் போட்டு வையுங்கள். சோப்புப் போட்டுக் கை கழுவாமல் டீயைக்கூடத் தொடாதீர்கள். உடுப்பைத் தனியாகத் துவையுங்கள். அப்புறம், ஈயமணியைப் பல்லால் கடித்துத் தூண்டில் நரம்பில் இறுக்கும் பழக்கத்தை இன்றே விடுங்கள்.

இவ்வளவு நாளும் வீட்டில் ஈயம் உருக்கியிருந்தால், பிள்ளைக்கு ஒன்றும் தெரியாவிட்டாலும் ரத்தத்தில் ஈய அளவு பார்த்துவிடுவது நல்லது. ரத்தக் குழாயிலிருந்து ஊசியால் எடுக்கும் ரத்தமே நம்பகமானது. விரலில் குத்தினால் தோலில் ஒட்டிய ஈயமும் சேர்ந்து காட்டலாம். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமைத் தொட்டாலே ஈயம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்த வேண்டும். மருந்து கொடுத்து ஈயத்தை வெளியேற்றுவது பொதுவாக 45ஐத் தொட்ட பிறகுதான்.